ரொட்டிக்காரர் மனைவி ரொட்டி சாப்பிடுவதில்லை

எங்கள் தெருவில் ஒரு செய்தி பரவ வேண்டுமானால் தையல்காரம்மாவிடம் ரகசியம் என்று சொல்லிவிட்டு வந்தால் போதும். அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். அளவு கொடுக்க வருகிறவர்களிடம் மட்டும் சொல்வார். தெருவில் துணி உடுத்தாதவர்கள் யாரும் இல்லாததால் செய்தி எல்லா வீட்டுக்கும் சமமாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த மழைக்காலத்தில் அப்படிப் போய்ச் சேர்ந்த செய்தி இது: ரொட்டிக்காரர் பெண்டாட்டி இப்போதெல்லாம் கடை ரொட்டியைக் கையாலும் தொடுவதில்லையாம்.

வேறு வீட்டில் இது செய்தியே இல்லை. இங்கே அப்படி இல்லை. அந்தக் கடைக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. காலையில் முதல் ஈடு ரொட்டி அடுப்பை விட்டு வெளியே வந்ததும், ஒன்றின் முனையை மட்டும் அறுத்துக் கல்லாவுக்குக் கொண்டுவருவார்கள். கல்லாவில் ரொட்டிக்காரர் மனைவி உட்கார்ந்திருப்பாள். தெருவுக்கு அவள் கல்லா அக்கா. வரிசையில் நிற்பவர்கள் பார்க்க, அந்த மொறுமொறுப்பான முனையை அவள் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை லேசாக மூடி மெல்லுவாள். சரியாக வந்திருந்தால் தலையை ஒரு பக்கம் சாய்ப்பாள். வரவில்லையென்றால் உள்ளே பார்த்து, "உப்பு எங்கயோ வெளியூர் போயிருக்கு போல" என்பாள். அந்தத் தலைசாய்ப்பைப் பார்த்து ரொட்டி வாங்கியவர்கள்தான் தெருவில் பாதிப்பேர். கடைக்கு விளம்பரப் பலகை இருந்தது. ஆனால் அதைப் பார்த்து யாரும் வாங்கியதாகத் தெரியவில்லை.

அப்படிப்பட்டவள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

நிறுத்தியதற்குக் காரணம் வயிறு. பல வருடத்து வயிறு. சாப்பிட்டால் உப்பும், பிறகு ஓட வைக்கும், வாயில் புண் வரும், படியேறினால் மூச்சு வாங்கும். ரத்தம் இல்லை என்று சொல்லி இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். அவள் தின்ற இரும்பை உருக்கியிருந்தால் கடைக்கு ஒரு ஷட்டர் போட்டிருக்கலாம். ரத்தம் மட்டும் ஏறவில்லை. ஜாக்கெட்டை உள்ளே பிடித்துப் பிடித்துத் தைத்ததில் தையல்காரம்மாவுக்குத்தான் வருமானம்.

கடைசியில் ஒரு வயிற்று மருத்துவரிடம் போனார்கள். சின்ன வயதுப் பெண், பேச்சு குறைவு. ரத்தம் எடுத்துப் பார்த்தார், குழாய் விட்டுக் குடலின் உட்புறத்தைக் கிள்ளி எடுத்துப் பார்த்தார். பிறகு இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"இதுக்குப் பேரு சீலியாக். கோதுமையில இருக்கிற ஒரு புரதத்தைப் பார்த்தா உங்க உடம்பு எதிரின்னு நினைச்சுச் சண்டைக்குப் போகுது. சண்டை நடக்கிற இடம் உங்க குடல். அங்க விரல் விரலா நீட்டிட்டு இருக்கிறதெல்லாம் மழுங்கிப் போச்சு. சத்தை உறிஞ்ச ஆள் இல்லை. அப்புறம் எந்த மாத்திரை போட்டு என்ன?"

"என்ன புரதம் மேடம்?" என்றார் ரொட்டிக்காரர்.

"குளூட்டன். மாவைப் பிசைஞ்சா ஒரு இழுவை வருமே, அது."

ரொட்டிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாவின் இழுவை அவருடைய வாழ்நாள் பெருமை. பிசைந்த மாவை இரண்டு கையாலும் விரித்து, வெளிச்சத்தில் காட்டி, அந்தப் பக்கம் நிற்பவர் மூக்கு தெரிகிறதா என்று கேட்பவர் அவர்.

"அதுக்காகத்தானே மேடம் நாங்க பிசையறதே!"

"தெரியும்."

"அது இல்லாட்டி ரொட்டியே இல்லையே."

"இவங்களுக்கு இனிமே ரொட்டி இல்லைன்னுதான் நானும் சொல்றேன். கோதுமை, பார்லி, ரை மூணும் கூடாது. மருந்து கிடையாது, விடறதுதான் மருந்து. வாழ்நாள் முழுக்க. ஒரு துகள்கூட ஆகாது. உங்க வீடு எங்க இருக்கு?"

"பேக்கரிக்கு மேல."

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் கல்லாவுல உக்காரலாமா?"

"மாவு பறக்கிற இடத்துல மூச்சுகூட விடக்கூடாது. கல்லா தள்ளி இருந்து, நடுவுல கதவு இருந்து, கையைக் கழுவிட்டுச் சாப்பிட்டா, பார்க்கலாம். அடுத்த பரிசோதனை வரைக்கும் உக்காருங்க. அதுல குடல் தேறலைன்னா அந்தக் கட்டடத்துலயே இருக்க வேணாம்னுதான் சொல்வேன்."

அக்கா தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். ரொட்டி சரியாக வந்ததற்கான அதே சாய்ப்பு. "தேறும்" என்றாள். கடைக்கு இன்ன நேரத்தில் பால் வரும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அவளுக்கு அந்தக் கல்லா வெறும் நாற்காலி இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் மாடியில் அடைத்து வைக்கப் பார்த்தவர்களிடம் வாயாடி வாங்கிய இடம் அது. எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் விருந்தாளி, எந்தத் தம்பதி பேசிக்கொள்வதில்லை என்பதெல்லாம் ரொட்டி வாங்கும் எண்ணிக்கையிலிருந்தே சொல்லிவிடுவாள். அந்த நாற்காலியை விட்டு அவளை எழுப்புவது என்பது தெருவைக் கண்ணைக் கட்டி விடுவது மாதிரி.

மாவு பிசைந்து சுடுகிற பட்டறைக்கும் கடைக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவு வந்தது. ரொட்டி எல்லாம் காகிதப் பைக்குள் போனது. மாடிச் சமையலறையிலிருந்து கோதுமை சம்பந்தப்பட்டதெல்லாம் கீழே இறங்கியது. அக்கா சோறு, முட்டை, உருளைக்கிழங்கு, பருப்பு, பழம் என்று சாப்பிட்டாள். கொஞ்ச நாளிலேயே வாய்ப்புண் ஆறியது. படியேறினால் படியில்தான் சத்தம் கேட்டது, அவளிடம் இல்லை. ஜாக்கெட்டைப் பிரித்துவிடச் சொல்லித் தையல்காரம்மாவிடம் கொடுத்தாள். அவரும் பிரித்துக்கொண்டே காரணத்தைக் கேட்டு, ரகசியம் என்று வாங்கிக்கொண்டார்.

இந்த இடத்தில் தலைவர் வருகிறார்.

தலைவர் என்பவர் ரொட்டிக்காரரின் அண்ணன். பேக்கரி உரிமையாளர் சங்கத்தின் தலைவர். தெருவில் எல்லோரும் பேக்கரி என்று சொல்ல, அவர் ஒருவர் மட்டும் 'அடுமனை' என்பார். அவருடைய சொந்த அடுமனையை அவருடைய மருமகன் பார்த்துக்கொள்வதால் அவருக்கு எல்லோருடைய அடுமனையையும் பார்த்துக்கொள்ள நேரம் இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து நின்றால் அது கூட்டம் என்றும், கூட்டம் என்றால் பேச வேண்டும் என்றும் நம்புகிறவர். நாற்காலியில் உட்கார்ந்து பேசினாலும் ஒரு கை மட்டும் மைக் பிடித்த மாதிரியே இருக்கும்.

மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் குடையை மடக்கியபடி உள்ளே வந்தார்.

"தம்பி, ஊர் என்ன பேசுதுன்னு தெரியுமா உனக்கு? அடுமனைக்காரர் துணைவியாரே அடுமனைப் பண்டத்தைப் புறக்கணிக்கிறார்னு பேசுது."

"அந்த மாதிரி வார்த்தையில யாரும் பேசியிருக்க மாட்டாங்க மாமா" என்றாள் அக்கா கல்லாவிலிருந்து.

"பொருள் அதுதாம்மா. நம்ம பரம்பரையில கோதுமை ஒத்துக்காதவங்க யாராவது உண்டா? எங்க அப்பா கடைசி மூச்சு வரைக்கும் ரொட்டி சாப்பிட்டார்."

"நான் உங்க பரம்பரைக்குள்ள வெளியில இருந்து வந்தவதானே. என் குடல் எங்க வீட்டுச் சீதனம்."

உள்ளே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அடுப்புக்காரர் சிரித்தார். அவர் கடையில் நெடுநாளாய் அடுப்பு பார்ப்பவர். அங்கே என்ன சிரித்தாலும் இருமல் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்.

"சங்கத்து ஆண்டுக் கூட்டம் வருது" என்றார் தலைவர். "மேடையில பெரிய ரொட்டி ஒண்ணு அறுக்கிறோம். முதல் துண்டை நீ சாப்பிடறே. ஊர் வாயை அடைச்ச மாதிரி ஆச்சு."

"ஊர் வாயை அடைக்க என் வாயைத் திறக்கணுமா?"

"ஒரு துண்டும்மா. ஒரே ஒரு துண்டு."

"ஒரு துகளே ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க மாமா. துண்டுக்கும் துகளுக்கும் எது பெரிசுன்னு உங்களுக்கே தெரியும்."

தலைவர் போய்விட்டார். ஆனால் ரொட்டிக்காரர் அன்று மத்தியானம் சாப்பிடும்போது சோற்றை அளைந்துகொண்டே இருந்தார். அண்ணன் சொன்னது அல்ல அவரைத் தைத்தது. மனைவி தன் கை ரொட்டியைச் சாப்பிடுவதில்லை என்பதுதான். இத்தனை வருடமும் அவர் அவளிடம் ஆசையாக ஒரு வார்த்தை பேசியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. காலையில் முனையை அறுத்து அனுப்புவார். பேச்செல்லாம் அதோடு சரி. இப்போது அந்தப் பேச்சும் நின்றுபோயிருந்தது.

"அரிசியில செஞ்சு பார்க்கட்டுமா?" என்றார் திடீரென்று.

"எதை?"

"ரொட்டியத்தான்."

"இழுவை இல்லாம ரொட்டியே இல்லைன்னு டாக்டரம்மாகிட்ட சட்டம் பேசினீங்க."

"அது அங்க. இது வேற."

செய்தார். செய்ததில் குறை சொல்ல முடியாது. கீழே பட்டறையில் செய்யவில்லை, மாடியில் செய்தார். புதுப் பலகை, புது அண்டா, புது சல்லடை, புது அச்சு, சுட ஒரு சின்னப் புது அடுப்பு. மில்லில் கோதுமையும் அரைப்பார்கள் என்று வீட்டிலேயே அரிசியை ஊறவைத்து, உலர்த்தி, புது மிக்சியில் அரைத்தார். மரவள்ளி மாவு சேர்த்தார். இழுவைக்குப் பதிலாக இசப்கோல் உமியை ஊறவைத்துச் சேர்த்தார். ஏப்ரன்கூடக் கடையில் கட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, துவைத்து மடித்ததைக் கட்டிக்கொண்டார்.

மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்கிற பெண், "கரைச்சு அச்சுல ஊத்திடுங்க" என்றுதான் சொல்லியிருந்தாள். ரொட்டிக்காரருக்கு அது அவமானமாகப்பட்டது. "ஊத்தறதுக்கு நான் என்ன பாயசமா வைக்கிறேன்? ரொட்டின்னா கையில உருண்டு வரணும்." ஒட்டுகிற மாவைப் பலகையில் போட்டு, சண்டை போட்டு, உருட்டி, அச்சில் வைத்தார்.

முதல் ரொட்டி கீழே விழுந்தபோது பலகைதான் நசுங்கியது. இரண்டாவது, அறுத்தால் மணலாய் உதிர்ந்தது. நாலைந்து முயற்சிக்குப் பிறகு கொஞ்சம் உப்பிய, மேலே பொன்னிறம் காட்டிய ஒன்று வந்தது. முனையை அறுத்துத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அக்கா மென்றாள். வெகு நேரம் மென்றாள். அது அப்படிப்பட்ட ரொட்டி.

"எப்படி?"

"பல்லுக்கு நல்ல வேலை."

"ருசி?"

"நீங்க செஞ்ச மாதிரி இருக்கு."

அன்றைக்குக் கீழே வந்த ரொட்டிக்காரர் அடுப்புக்காரருக்குக் காரணமே இல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தார்.

தினமும் காலையில் முனை மறுபடி வரத் தொடங்கியது. அக்கா சாப்பிட்டாள். கொஞ்ச நாளில் மறுபடி வயிறு உப்பியது. மறுபடி ஓட்டம். வாயோரத்தில் புண். படியில் பாதியில் நின்றாள். பரிசோதனைக்குப் போகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

தலைவருக்கு இந்தச் செய்தி கிடைத்ததும் முகத்தில் அப்படி ஒரு ஒளி. துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி வந்து, தீர்ப்பு சொல்கிறவர் மாதிரி உட்கார்ந்தார்.

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா? பலகை புதுசு. சல்லடை புதுசு. அரிசி வீட்டுலயே அரைச்சது. அப்ப கோதுமை எங்கேர்ந்து வந்துச்சு? மழையோட சேர்ந்து பெய்யுதா? கோதுமையே இல்லாம நோவு வருதுன்னா என்ன அர்த்தம்? கோதுமை நிரபராதி!"

ரொட்டிக்காரர் பலகை, சல்லடை, அரிசி என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அந்தக் கணக்கில் ஓட்டை எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

"இதெல்லாம் மனசும்மா" என்று தலைவர் அக்கா பக்கம் திரும்பினார். "ஒண்ணு, மேடைக்கு வந்து மனசைத் திடப்படுத்திட்டு ஒரு துண்டு சாப்பிடு. இல்லையா, கூட்டம் முடியற வரைக்கும் உன் தம்பி வீட்டுல போய் இரு. நான் தப்பா சொல்லல. கல்லாவுல எலும்புக்கூடு உக்காந்திருந்தா எவன் ரொட்டி வாங்குவான்?"

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருமல்கூட வரவில்லை.

அக்கா கல்லாப்பெட்டியைச் சாத்தினாள். "மாமா, எலும்புக்கூடா இருந்தப்பவும் இந்தக் கல்லாவுல நான்தான் உக்காந்திருந்தேன். அப்ப உங்களுக்குக் கண்ணு தெரியல. குண்டானப்புறம்தான் ஊருக்கு என் வயிறு தெரியுது. நான் எங்கயும் போகல. கோதுமை நிரபராதியும் இல்ல. இந்த வீட்டுக்குள்ளதான் எங்கயோ ஒளிஞ்சிருக்கு. பிடிக்கிறேன்."

"எப்படிப் பிடிப்பே?"

"கல்லாவுல உக்காந்து பழகினவ. கள்ள நோட்டு எந்தக் கையில இருந்து வருதுன்னு பார்க்கத் தெரியாதா?"

மறுநாள் மழை கொஞ்சம் வெறித்திருந்தது. சுவர் முழுக்க ஈரம்; உப்பு ஜாடிக்குள்ளேயே உப்பு அழுதுகொண்டிருந்தது. மாடிச் சமையலறை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு அக்கா உட்கார்ந்தாள்.

"என்ன, வேவு பார்க்கிறியா?" என்றார் ரொட்டிக்காரர்.

"பரீட்சை ஹால்ல வாத்தியார் உக்கார்ற மாதிரி நினைச்சுக்குங்க. நீங்க எழுதுங்க."

அவர் கையைச் சோப்பு போட்டு முழங்கை வரை கழுவினார். அண்டாவைத் துடைத்தார். மாவை அளந்தார். இசப்கோலை ஊறவைத்தார். அக்கா கண்ணை எடுக்கவில்லை. ஈஸ்ட் டப்பாவை வாங்கிப் படித்தாள். எண்ணெய்க் குப்பியை முகர்ந்தாள். துடைக்கிற துணியை உதறிப் பார்த்தாள். எதிலும் குற்றம் இல்லை.

"பார்த்தியா? நான்தான் சொன்னேனே. இங்க ஒண்ணும் இல்ல." அவர் குரலில் சந்தோஷம் இல்லை. ஒன்று இருந்தால் நன்றாயிருக்கும் என்ற குரல் அது.

மாவைப் பலகையில் கொட்டினார். ஈரக் காற்றில் அது வழக்கத்தைவிட அதிகமாக ஒட்டியது. உருட்டினார். விரலோடு வந்தது. அப்போது அவருடைய வலது கை பலகையை விட்டு இறங்கி, ஏப்ரனின் முன்பைக்குள் போய், மேலே வந்து, பலகையின் குறுக்கே ஒரு வீசு வீசியது. வெள்ளையாய் ஒரு மெல்லிய திரை விழுந்தது. கை மறுபடி உருட்டப் போய்விட்டது. மொத்தமும் ஒரு இமைப்பொழுது.

"நிறுத்துங்க" என்றாள் அக்கா.

"என்ன?"

"இப்ப என்ன செஞ்சீங்க?"

"உருட்டறேன்."

"அதுக்கு முன்னால?"

"அதுக்கு முன்னாலயும் உருட்டிட்டுதான் இருந்தேன்."

"கையைப் பையில விட்டீங்க."

"நானா?" ரொட்டிக்காரருக்குக் கோபமே வந்துவிட்டது. "பைக்குள்ள நான் எதுக்குக் கை விடணும்? எனக்கு என்ன பைத்தியமா? நான் பாட்டுக்கு..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை இறங்கியது. பைக்குள் போனது. வெளியே வந்து பலகையின் மேல் நின்றது.

இருவரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். விரல் நுனியெல்லாம் வெள்ளை.

பட்டறை வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மாவு பலகையில் ஒட்டாமலிருக்க உலர்ந்த மைதாவை, அதுவும் கோதுமைதான், ஒரு வீசு தூவுவார்கள். இந்தக் கடையில் அந்தத் தூவுமாவைக் கிண்ணத்தில் வைக்கிற வழக்கம் இல்லை. அப்பா காலத்திலிருந்தே ஏப்ரன் பையில்தான். காலையில் ஏப்ரனைக் கட்டியதும் கீழே மைதா மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு படியேறுவது, வெளியே கிளம்புகிறவர் சாவியைப் பையில் போட்டுக்கொள்வது மாதிரி. பலகையை மாற்றியவர், சல்லடையை மாற்றியவர், ஏப்ரனைக்கூடத் துவைத்துக் கட்டியவர், துவைத்த ஏப்ரனில் புதிதாக ஒரு பிடி மைதாவைப் போட்டுக்கொண்டுதான் தினமும் மாடிக்கு வந்திருக்கிறார். புத்தியைக் கேட்டிருந்தால் அது தடுத்திருக்கும். கை யாரையும் கேட்கவில்லை.

ரொட்டிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "நானே உனக்கு... தினமும்... என் கையாலயே..."

"ஆரம்பிக்காதீங்க" என்றாள் அக்கா. "முதல்ல அந்த ஏப்ரனைக் கழட்டி ஜன்னலுக்கு வெளியில போடுங்க. அப்புறம் குளிச்சிட்டு வந்து அழுங்க."

"உனக்குக் கோபமே வரலையா?"

"வருது. ஆனா அதைவிடச் சந்தோஷம் அதிகமா வருது. மனசு இல்லை பாருங்க. மைதா. பிடிச்சிட்டேன்."

அன்று சாயங்காலம் அவள் வீட்டில் இருந்த எல்லா ஏப்ரனின் பையையும் வாயை மூடித் தைத்தாள். மாடிக்கென்று நீல ஏப்ரன் இரண்டு புதிதாக வந்தன. அவற்றுக்கும் அதே கதி. நீலம் மாடியை விட்டு இறங்கக் கூடாது. கீழே கட்டும் வெள்ளை ஏப்ரன் மாடிப்படியில் கால் வைக்கக் கூடாது. பையே இல்லாத ஏப்ரனாக வாங்கலாமே என்று தையல்காரம்மா கேட்டார். "பை இருக்கணும்" என்றாள் அக்கா. "கை போய் முட்டணும். அப்பதான் அதுக்குப் புத்தி வரும்."

புண் ஆறியது. படி ஏற முடிந்தது. பரிசோதனையில் மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, "குடல்ல சண்டை நல்லா இறங்கியிருக்கு. இப்படியே போங்க" என்றார். "கல்லா?" என்று அக்கா கேட்டாள். "உக்காருங்க." நடுவில் வந்து போன வாய்ப்புண்ணின் கதையைக் கேட்டுவிட்டு, அதிகம் பேசாத அந்த மருத்துவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வந்தது. வாடகைக்கு எடுத்த கூடம். கூரை ஒழுகிய இடத்தில் வாளி வைத்து அதன் மேல் துணி போர்த்தி மரியாதையாக்கியிருந்தார்கள். மேடையில் தொட்டில் பிள்ளை அளவுக்கு ஒரு ரொட்டி. தம்பி கடை ரொட்டிதான், கையொப்பம்போல மேலே மூன்று கீறல். தலைவர் கோதுமையின் வரலாற்றில் தொடங்கி, மனித நாகரிகத்தைக் கடந்து, சங்கத்துக்கு வந்து சேர்வதற்குள் வாளி பாதி நிறைந்துவிட்டது.

அக்கா முதல் வரிசையில் இருந்தாள். தையல்காரம்மா பக்கத்தில். ரொட்டிக்காரர் அந்தப் பக்கம், கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு.

தைத்த பையின் கதை தலைவருக்குத் தெரியும். தம்பியே போய்ச் சொல்லியிருந்தார். ஆனால் மைக்கின் முன்னால் நிற்கும்போது தெரிந்ததெல்லாம் மறந்துபோவது அவர் சுபாவம். கத்தியை வாங்கி முதல் துண்டை அறுத்தார்.

"இந்த முதல் துண்டை உண்டு வதந்திக்கு முற்றுப்புள்ளி வைக்க, என் தம்பியின் துணைவியாரை மேடைக்கு அழைக்கிறேன்!"

கைதட்டினார்கள். எதற்கு என்று தெரியாமல் தட்டுகிற தட்டல்.

ரொட்டிக்காரர் எழுந்தார். "அண்ணே, வேணாம்."

"நீங்க உக்காருங்க" என்றாள் அக்கா. முந்தானையைச் செருகிக்கொண்டு மேடையேறினாள். தட்டை வாங்கினாள். துண்டைத் தொடவில்லை. தட்டைத் தலைவர் பக்கமே நீட்டினாள்.

"மூத்தவர் நீங்க. முதல் வாய் உங்களது மாமா."

மைக் பக்கத்தில் இருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது.

"எனக்கெதுக்கும்மா? நீ சாப்பிடு."

"நீங்க சாப்பிட்டு நான் பார்த்து வருஷக் கணக்காச்சு. போட்டோவுக்குக் கையில பிடிப்பீங்க. அப்புறம் டிரைவர்கிட்ட கொடுத்துடுவீங்க."

முன்வரிசையில் டிரைவர் வேறெங்கோ பார்த்தார்.

"எனக்கு... சர்க்கரை இருக்கும்மா. உனக்குத் தெரியாதா? டாக்டர் வேணாம்னுட்டார்."

"எனக்கும் அதேதான் மாமா" என்றாள் அக்கா. "டாக்டர் வேணாம்னுட்டாங்க. உங்களுக்கு டாக்டர் சொன்னா வைத்தியம், எனக்குச் சொன்னா வதந்தியா?"

கூடத்தில் யாரோ களுக்கென்றார்கள். அது பரவியது. தலைவர் மைக்கைப் பிடித்தார். அது கீச்சென்று அவருக்கு எதிராகவே சாட்சி சொன்னது. அக்கா அதை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எல்லாரும் கேட்கிறீங்களாம், ரொட்டிக்காரர் பொண்டாட்டி ஏன் ரொட்டி சாப்பிடறதில்லைன்னு. இத்தனை வருஷம் சாப்பிட்டேன். ஒவ்வொரு வாயும் என் குடலை அறுத்துச்சு. ரத்தம் போச்சு, சதை போச்சு, படியேற முடியல. அப்பவும் விடாம தினமும் சாப்பிட்டேன். உயிரை எடுத்துட்டு இருந்தப்பவும் ஒருத்தி விடாம சாப்பிட்டிருக்கான்னா, அந்த ரொட்டி எவ்வளவு நல்லா இருந்திருக்கணும்? நீங்களே யோசிச்சுப் பாருங்க. உங்க குடலுக்கு ஒண்ணும் ஆகாது. வாங்கிச் சாப்பிடுங்க."

இந்த முறை எதற்கு என்று தெரிந்து தட்டினார்கள். ரொட்டிக்காரர் தட்டவில்லை. அவருக்கு ஆசையாகப் பேசிப் பழக்கமில்லை. பேசக் கேட்டும் பழக்கமில்லை. குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

தலைவர் பிறகு நன்றியுரையில், அரிசி ரொட்டி என்பது சங்கத்தின் நெடுநாள் கனவு என்று குறிப்பிட்டதாகக் கேள்வி. நாங்கள் அதற்குள் கிளம்பிவிட்டோம்.

மறுநாள் காலை மழை. மாடியில் நீல ஏப்ரன் உருட்டிக்கொண்டிருந்தது. மாவு ஒட்டியது. வலது கை இறங்கிப் போய்த் தையலில் முட்டியது. நின்றது. வாசலில் இருந்து, "ம்?" என்று ஒரு குரல்.

"ஒண்ணுமில்ல" என்று கை கிண்ணத்திலிருந்த அரிசி மாவுக்குப் போனது.

முனை தட்டில் வந்தது. அக்கா கடித்தாள்.

"எப்படி?"

"செங்கல்."

"நேத்தையதைவிட?"

"நேத்து சுவர். தேறிட்டு வருது."

மிச்ச முனையைத் தட்டோடு எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கையைக் கழுவினாள். கல்லாவில் உட்கார்ந்தாள். வெளியே வரிசை, குடைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. எல்லோரும் பார்க்க அதைப் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை லேசாக மூடி, மென்றாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்தாள்.

"அது எந்த ரொட்டி அக்கா?" என்றார் வரிசையில் முன்னால் நின்ற தையல்காரம்மா.

"இது எனக்கு. உங்களுது உள்ள சூடா இருக்கு."

"அப்ப எனக்கு ரெண்டு கொடுங்க."

"எப்பவும் ஒண்ணுதானே?" அக்கா பையை எடுத்தபடி கேட்டாள். "வீட்டுக்கு யாரு வந்திருக்கா?"